அண்டர்டேக்கரும் அப்பாரு வீட்டுத் தட்டுப்போரும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேனுங்க. ரெஸ்லிங் எல்லாம் பேசி வெச்சு அடிச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியும். யார் ஜெயிக்கணும், யார் தோக்கணும், யார் முதுகுல நாற்காலி விழணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டுத்தான் மேடை ஏறறாங்கங்கறதும் தெரியும். அதனால "இதெல்லாம் டூப்புன்னு உனக்குத் தெரியாதா?"ன்னு கேக்க வாயெடுத்தவங்க எல்லாம் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க.

முப்பது வருசத்துக்கு மேல பாத்துட்டு இருக்கேன். வயசு நாப்பத்தி ரெண்டு ஆச்சு. "ரெண்டு தடிமாடுக ஜட்டியோட கட்டிப் பொரள்றதை இப்புடி வாயப் பொளந்துட்டு பாக்கறீங்களே, அந்த நேரத்துல கொழந்தைக்கு நாலு கணக்கு சொல்லிக் குடுத்தா என்ன?"ன்னு வீட்டம்மா கேக்கறப்ப எல்லாம் ஒரு அசட்டுச் சிரிப்போட நகந்துடுவேன். பதில் இருக்கு. ஆனா சொல்ல ஆரம்பிச்சா ஒரு பழைய தப்பையும் சேர்த்து சொல்லணும். அதான் இத்தனை நாள் வாய மூடிட்டு இருந்தேன். இன்னிக்கு சொல்லிடலாம்னு முடிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கு, பொறுத்துக்கங்க.

*

எங்க ஊரு உடுமலைப்பேட்டைல இருந்து திருமூர்த்திமலை போற பக்கம். அப்ப நாங்க கோயமுத்தூர் மாவட்டம். 2009-லதான் திருப்பூரைத் தனி மாவட்டமாக்கி எங்களை அதுல சேத்தாங்க. பி.ஏ.பி. வாய்க்கால்ல தண்ணி விட்டா சந்தோசம், விடலைன்னா வெசனம். இவ்வளவுதான் ஊரோட வரலாறு. அப்பாரு வீடு தோட்டத்துலயே இருந்துச்சு. (அப்பாவோட அப்பாவை எங்க பக்கம் அப்பாருன்னு கூப்பிடுவோம். மத்த ஊர்க்காரங்களுக்காகச் சொல்றேன்.) தென்னை, சோளம், ரெண்டு எருமை, வீட்டுக்கு முன்னாடி களம், களத்து ஓரத்துல மாட்டுக்குப் போட சோளத்தட்டு அடுக்கின போர். போர்னா சும்மா இல்லை, ரெண்டு ஆள் ஒசரம்.

1993 வாக்குல ஊருக்குள்ள கேபிள் வந்துச்சு. சித்தப்பா ஒரு கலர் டிவி வாங்கினார். அதுவரைக்கும் எங்களுக்கு ஒளியும் ஒலியும்தான் உலகம். திடீர்னு ஒரு சாயங்காலம் ஸ்டார் டிவிக்காரங்களோட பிரைம் ஸ்போர்ட்ஸ்ல, கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில சாம்பல் கலர்ல உறை, மூஞ்சில ரத்தமே இல்லாம ஒரு ஆளு நடந்து வந்தாரு. கூடவே ஒரு குண்டு மனுசன், கையில அஸ்திக் கலசம். மணி அடிக்குது. லைட்டெல்லாம் அணையுது. நானும் சித்தப்பா பையனும் ஒருத்தன் கையை ஒருத்தன் புடிச்சுக்கிட்டோம்.

அண்டர்டேக்கர்!

அன்னிக்குப் புடிச்ச கிறுக்கு, இன்னிக்கு வரைக்கும் தெளியலை.

சித்தப்பா பையன் என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். இங்க அவனை சின்னவன்னே கூப்பிட்டுக்கலாம். பேரைப் போட்டா உதைப்பான்.

அந்தக் காலத்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். எங்களுக்கு ஏன் அவ்வளவு சுளுவா புரிஞ்சுதுன்னா, அதுல வர்ற ஒவ்வொருத்தனும் ஒரு வேசம். ஜெயில் வார்டன் ஒருத்தன் (பிக் பாஸ் மேன்), கோமாளி ஒருத்தன் (டோயிங்க்), பணக்காரத் திமிர் புடிச்சவன் ஒருத்தன் (மில்லியன் டாலர் மேன்), சுடுகாட்டுக்காரன் ஒருத்தன். இங்கிலீசு ஒரு வார்த்தை தெரியாட்டியும் யார் நல்லவன், யார் கெட்டவன்னு நடந்து வர்றப்பவே தெரிஞ்சுடும். கூத்துல ராஜபார்ட் வர்றதும் கோமாளி வர்றதும் தெரியற மாதிரி. எங்க அப்பாருக்கு ரொம்ப ஆகாத ஆளு ஐ.ஆர்.எஸ்.தான். டையும் கண்ணாடியுமா வந்து, வரி கட்டாத ஜனங்களைத் திட்டிட்டு சண்டை போடற வில்லன். "இவன் ஜப்திக்கு வந்தவனாட்ட இருக்கறானேடா, போடு இவனை"ன்னு கட்டில்ல இருந்து சத்தம் வரும்.

அப்பாருக்கும் இந்த விசயத்துல ஒரு பூர்வீகம் உண்டு. தாராசிங்! "நீ என்ன பெரிய தாராசிங்கா?"ன்னு கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைதானே நாமெல்லாம். அப்பாரு வாலிபமா இருந்தப்ப மெட்ராஸ்ல தாராசிங்குக்கும் கிங்காங்குக்கும் நடந்த குஸ்தியைப் பாத்ததா சொல்லுவாரு. கிங்காங் சினிமாக் கொரங்கு இல்லீங்க. எமில் சாயாங்கற ஹங்கேரிக்காரர். மலை மாதிரி உடம்பு. சிங்கப்பூர், மலேயா, இந்தியான்னு சுத்திச் சுத்தி குஸ்தி போட்டவர், 1970-ல சிங்கப்பூர்ல கார் விபத்துல அடிபட்டுச் செத்துப் போனாரு. தாராசிங் பஞ்சாப்காரர். 1968-ல பம்பாய்ல அமெரிக்காவோட லூ தெஸ்ஸையே தோக்கடிச்சவர்னு பேர் வாங்கினவர். 1987-ல தூர்தர்சன்ல ராமாயணம் ஆரம்பிச்சதும் அனுமாரா வந்து நின்னப்ப, ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. அப்பாரு மட்டும் "எங்காளுடா"ன்னு தொடையைத் தட்டினாரு.

அப்பாரு நெசமாவே மெட்ராஸ் போய்ப் பாத்தாரா, இல்லை யாரோ பாத்துட்டு வந்து சொன்னதை எங்ககிட்ட அளந்து விட்டாரான்னு எங்க ஆத்தாவுக்கே சந்தேகம். "பழனியைத் தாண்டிப் போனதில்லை இந்த மனுசன்"னு அடுப்படில இருந்து கொரல் வரும். அப்பாரு காது கேக்காத மாதிரி இருந்துக்குவாரு :)

*

கார்டு ஞாபகம் இருக்குங்களா? பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல பொட்டிக்கடையில விக்கும். ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு ரெஸ்லர் போட்டோ. ரேங்க், ஒசரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை போட்டான்னு கணக்கு. எடைன்னு கேட்டு யோகோசூனாவைப் போட்டா எதிராளி காலி. ஒசரம்னு கேட்டா ஜெயன்ட் கொன்சாலஸ். எட்டடின்னு அறிவிப்பாங்க அவரை. இங்கிலீசுல முக்கால்வாசி எழுத்து நான் அந்தச் சீட்டுலதான் படிச்சேன்.

யோகோசூனாதான் அப்ப பெரிய வில்லன். ஜப்பான் சுமோ வீரர்னு சொல்லி, உப்பை அள்ளி எறிஞ்சுட்டு வருவார். (நிசத்துல அவர் ஜப்பானே இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோல பொறந்த சமோவா வம்சாவளி. 2000-ல முப்பத்தி நாலே வயசுல போய்ச் சேர்ந்துட்டாரு, பாவம்.) 1994 ஜனவரி ராயல் ரம்பிள்ல அண்டர்டேக்கருக்கும் இவருக்கும் சவப்பெட்டிச் சண்டை. எவன் எதிராளியைப் பெட்டிக்குள்ள போட்டு மூடறானோ அவன் ஜெயிச்சான். தனியா முடியாதுன்னு ஒரு கூட்டமே யோகோசூனாவுக்கு ஒத்தாசைக்கு வந்து, அண்டர்டேக்கரை அடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டானுங்க. அப்புறம் பொகை. பெரிய திரையில அண்டர்டேக்கர் மூஞ்சி, நான் சாகமாட்டேன்னு கொரல். கடைசில ஆவி மாதிரி மேல மேல போய் மறைஞ்சுட்டாரு.

நாங்க அழுதோம். சும்மா சொல்லலை, தேம்பித் தேம்பி அழுதோம். வகுப்புல ஒருத்தன் "அண்டர்டேக்கருக்கு ஏழு உசுரு, இது ரெண்டாவதுதான்"னு சொன்னப்புறம்தான் எனக்குச் சோறு எறங்கிச்சு. உங்க ஊர்லயும் இந்த ஏழு உசுரு கதை இருந்திருக்குமே? இந்தியா பூரா இருந்திருக்குங்க. எவன் கெளப்பி விட்டான்னுதான் தெரியலை.

அவர் திரும்பி வந்தது அந்த வருசம் ஆகஸ்ட் சம்மர்ஸ்லாம்ல. வந்ததும் ரெண்டு அண்டர்டேக்கர்! ஒரு போலி, ஒரு அசல். (அந்தப் போலியா நடிச்ச பிரையன் லீதான் 1996-ல அக்‌ஷய் குமாரோட 'கிலாடியோன் கா கிலாடி' படத்துல அண்டர்டேக்கரா வந்தவர். அதையும் அசல்னு நம்பி வருசக்கணக்கா சண்டை போட்டிருக்கோம்.)

நான் சொல்ல வந்த விசயம், இந்த ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவுல நடந்துச்சு.

*

மே மாச லீவு. அண்டர்டேக்கர் 'செத்து' நாலு மாசம். டிவில வர்ற வரைக்கும் பொறுமை இல்லை, நாமே வரவெச்சுடலாம்னு திட்டம். பெரியவங்க எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. அப்பாரு மட்டும் திண்ணைல தூங்கிட்டு இருந்தாரு.

தட்டுப்போர் உச்சிதான் ரிங். ஆத்தாவோட கறுப்புப் போர்வைதான் கோட்டு. நான் அண்டர்டேக்கர். சின்னவன் யோகோசூனா. ஒம்பது வயசுல முருங்கைக்காய் மாதிரி இருந்தான், அவன் யோகோசூனா! மூத்தவன் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதானே. கையில உப்பு கூட வெச்சிருந்தான்.

கழுத்தைப் புடிச்சேன். சோக்ஸ்லாம். டிவில அவ்வளவு லேசா தூக்கறாரு, நான் தூக்கினா வரலை. அப்புறம் எந்த வேகத்துல வந்துச்சோ, தூக்கி ஒரே தள்ளு. தட்டு மேலதான் விழுவான்னு நெனச்சேன். அவன் தட்டு வழுக்கிப் போர் ஓரத்தைத் தாண்டிக் களத்துல போய் விழுந்தான். விழறப்ப இடது கையை ஊனினான்.

'டக்'னு ஒரு சத்தம். காய்ஞ்ச மட்டை ஒடியற மாதிரி.

முதல்ல அவன் அழுகலை. முழங்கையைப் பாத்தான். என்னைப் பாத்தான். கை ஒரு தினுசா திரும்பி இருந்துச்சு. அப்புறம் ஒரு கத்து. அப்பாரு வேட்டியை வாரிச் சுருட்டிட்டு ஓடி வந்தாரு.

"என்ன சாமி ஆச்சு? என்றா ஆச்சு?"

நான் வாயே தொறக்கலை. கறுப்புப் போர்வை என் தோள்லயே இருந்துச்சு.

சின்னவன் அழுதுக்கிட்டே சொன்னான்: "போர் மேல ஏறுனனுங்... வழுக்கி உழுந்துட்டனுங் அப்பாரு."

நான் சொல்லச் சொல்லலை. அவனா சொன்னான்.

நாட்டு வைத்தியர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போய் மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுப் போட்டாங்க. கட்டு அவுத்தப்ப எலும்பு கூடிருச்சு. ஆனா கை முழுசா நீட்டி நேரா வரலை. முழங்கைல ஒரு வளைவு நின்னுடுச்சு. இன்னிக்கும் இருக்கு.

வீட்டுல எல்லாரும் 'போர்ல ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்'னு அவனையேதான் திட்டினாங்க. நான் பக்கத்துலயே நின்னேன்.

கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் ரெஸ்லிங் ஓடிட்டு இருந்துச்சு. சின்னவன் கட்டோட உக்காந்திருக்கான். அப்பாரு கட்டில்ல. யாரோ யாரையோ தலைக்கு மேல தூக்கினான். அப்பாரு டிவியைப் பாத்துட்டே, என்னைப் பாக்காம, பேசினாரு.

"கண்ணு, தூக்கறதைப் பாக்காத. எறக்கற கையைப் பாரு. இடுப்பைப் புடிச்சு எப்புடி எறக்கறான் பாத்தியா. மேல போறவனும் ஒரு எம்பு எம்பிக் குடுக்கறான். மூட்டை தூக்கறவனுக்குத் தெரியும்டா, வரமாட்டேங்கற ஒடம்பு பொணங் கனம் கனக்கும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அது. அப்புடி ஒத்துக்கிட்டு வந்தவனைக் கீழ உட்டறக் கூடாது."

அப்ப எனக்குப் புரியலை. 'அப்பாரு டூப்புன்னு சொல்றாரே'ன்னு கோவம்தான் வந்துச்சு. அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குன்னு ஒறைக்கறதுக்கே எனக்குப் பத்து வருசம் ஆச்சு. அதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்துட்டாரு.

*

காலேஜ் சேந்தப்ப பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இவ்வளவுன்னு குடுத்து ரெஸ்லிங் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். 2002-ல டபிள்யூ.டபிள்யூ.எஃப். பேரு டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆச்சு. அதே வருசம் டென் ஸ்போர்ட்ஸ் வந்துச்சு. அப்பத்தான் 'கேஃபேப்'ங்கற வார்த்தை தெரிஞ்சுது. மேடைல போட்ட வேசத்தை வெளியிலயும் கலைக்காம காப்பாத்தறதுக்கு அந்தத் தொழில்ல இருக்கற ரகசியப் பேரு. வில்லனும் நல்லவனும் ஒரே கார்ல போகக் கூடாது, ஒரே ஓட்டல்ல திங்கக் கூடாதுன்னெல்லாம் ஒரு காலத்துல கட்டுப்பாடாம். 1989-ல, விளையாட்டு ஆணையக் கட்டணமும் கெடுபிடியும் வேண்டாம்னு, 'இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு'ன்னு டபிள்யூ.டபிள்யூ.எஃப்.காரங்களே நியூ ஜெர்சில ஒத்துக்கிட்டாங்க. நாங்க அழுததுக்கு அஞ்சு வருசம் முன்னாடியே குட்டு உடைஞ்சாச்சு. உடுமலைக்குத்தான் சேதி வந்து சேரலை.

படிக்கப் படிக்க, அப்பாரு கட்டில்ல இருந்து சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு.

அண்டர்டேக்கரோட டூம்ஸ்டோனை எடுத்துக்குங்க. எதிராளியைத் தலைகீழாத் தூக்கி அப்படியே மண்டி போடுவாரு. பாக்கறவங்களுக்கு மண்டை பொளந்த மாதிரி இருக்கும். நிசத்துல தரையில இடிக்கறது அவரோட முழங்கால். எதிராளி தலை தொடைக்கு நடுவுல, தரைக்கு மேல பத்திரமா இருக்கும். சோக்ஸ்லாம்ல தூக்கப்படறவன் தானே எம்பணும். விழறப்ப தாடையை நெஞ்சோட ஒட்ட வெச்சு, முதுகு முழுக்க ஒரே நேரத்துல படற மாதிரி விழணும். கையை ஊனவே கூடாது. (இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.) ரிங் தரை மெத்தையும் இல்லை. இரும்புச் சட்டம், மேல பலகை, கொஞ்சூண்டு ஃபோம், அதுக்கு மேல கான்வாஸ். அவ்வளவுதான். காதுக்குள்ள கிசுகிசுன்னு அடுத்தது என்னன்னு பேசிக்குவாங்க. யாருக்காவது நெசமா அடிபட்டா, நடுவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கால வெச்சுக் காட்டுவாரு. 'இது வேசம் இல்லை, ஓடி வாங்க'ன்னு அர்த்தம்.

ஆக, பொய் எதுன்னா, அவங்க ஒருத்தரை ஒருத்தர் வெறுக்கறாங்கங்கறது மட்டும்தான். விழறது பொய் இல்லை. அடிக்கற மாதிரி காட்டிட்டுக் காப்பாத்தறதுதான் தொழிலே.

காப்பாத்தற கை கொஞ்சம் நழுவினா என்ன ஆகும்ங்கறதுக்கும் கணக்கு இருக்கு. 1997 சம்மர்ஸ்லாம்ல ஓவன் ஹார்ட் போட்ட பைல்டிரைவர்ல ஸ்டீவ் ஆஸ்டினோட தலை கொஞ்சம் கீழ எறங்கிடுச்சு. கழுத்துல அடி. கை கால் கொஞ்ச நேரம் வரலை. அப்படியே தவழ்ந்து வந்து ஓவனைச் சுருட்டிப் போட்டு மேட்சை முடிச்சாரு. அந்தக் கழுத்தோடயே இழுத்துட்டு 2003-ல ஆட்டத்தை நிறுத்தினாரு. அந்த ஓவன் ஹார்ட், 1999 மே 23-ல கான்சாஸ் சிட்டில, மேல கூரைல இருந்து கயித்துல எறங்கறப்ப கொக்கி விட்டுக் கீழ விழுந்து செத்தாரு. முப்பத்தி நாலு வயசு. அதுக்கப்புறமும் நிகழ்ச்சியை நடத்தி முடிச்சாங்க. இதுக்கு என்கிட்ட சப்பைக்கட்டு எதுவும் இல்லைங்க.

அதே வருசம் அக்டோபர்ல ட்ரோஸ்னு ஒருத்தர். டி'லோ பிரவுன் தூக்கிப் போட்டப்ப பிடி நழுவி, கழுத்தெலும்பு முறிஞ்சு, கை கால் வெளங்காமப் போச்சு. 2023-ல சாகற வரைக்கும் சக்கர நாற்காலிதான். ஆனா ஒரு தடவை கூட டி'லோவைக் குத்தம் சொல்லலை. அது விபத்து, அவ்வளவுதான்னு முடிச்சுட்டாரு. டி'லோவுக்கு அது பாரத்தைக் கொறைச்சுதா கூட்டுச்சான்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

நம்ம கிரேட் காளி தெரியும்ல? இமாச்சலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் போலீஸ்ல வேலை பாத்தவர். 2006-ல வந்த அன்னிக்கே அண்டர்டேக்கரைத் துவைச்சாரு. 2007 ஜூலைல வேர்ல்டு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனப்ப, எங்க ஊர் டீக்கடைல கூட அதே பேச்சு. அண்டர்டேக்கர் அடி வாங்கினதுல எனக்குக் கோவம், இருந்தாலும் நம்மாளுன்னு ஒரு பெருமை. ஆனா அவர் பெரிய ஆளாகறதுக்கு முன்னாடி, 2001 மே மாசம், கலிஃபோர்னியாவுல ஒரு பயிற்சிக் கூடத்துல அவரோட பயிற்சி எடுத்த பிரையன் ஓங்ங்கற இளைஞர், ஒரு தூக்கிப் போடறதுல தலைல அடிபட்டுச் செத்துப் போனாரு. பயிற்சிக் கூடத்தோட பொறுப்பில்லாத்தனம்தான் காரணம்னு கோர்ட்ல முடிவாகி, 2005-ல குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல நஷ்ட ஈடு. சாம்பியனா அவர் பெல்ட்டைத் தூக்கிப் புடிச்சப்ப எனக்கு இந்த விசயம் தெரியாது. தெரிஞ்சப்புறம் அந்தப் பெரிய கைகளை வேற மாதிரிதான் பாக்க முடிஞ்சுது.

கிறிஸ் பென்வாவைப் பத்தியும் சொல்லாம விட்டா நேர்மை இல்லை. எனக்கு ரொம்பப் புடிச்ச ஆட்டக்காரர். 2007 ஜூன்ல மனைவியையும் ஏழு வயசுப் பையனையும் கொன்னுட்டுத் தூக்குப் போட்டுக்கிட்டாரு. மூளையைப் பரிசோதிச்ச டாக்டர்கள், அது மறதி நோய் முத்தின எம்பத்தஞ்சு வயசுக் கிழவரோட மூளை மாதிரி சிதைஞ்சிருந்ததா சொன்னாங்க. நாப்பது வயசு அவருக்கு. அதை வெச்சு அவர் செஞ்சதை மன்னிக்க முடியாது. அவர் ஆட்டத்தை அதுக்கப்புறம் ஒரு தடவை கூட நான் பாக்கலை. ஆனா, 'எல்லாம் டூப்பு'ன்னு சிரிக்கறவங்ககிட்ட, இத்தனை வருசம் தலைல வாங்கின அடி மட்டும் எப்படி நெசமாச்சுன்னு கேக்கணும்னு தோணும்.

*

சின்னவன் கதைக்கு வர்றேன். அவனுக்குப் போலீஸ் ஆகணும்னு ஆசை. ஓட்டம், கயிறு ஏறறது எல்லாத்துலயும் தேறிட்டான். மருத்துவப் பரிசோதனைல இடது கையை நீட்டச் சொல்லியிருக்காங்க. நேரா வரலை. அனுப்பிட்டாங்க.

"எப்படி ஆச்சுன்னு கேட்டாங்களா?"ன்னு நான் கேட்டேன்.

"கேட்டாங்ணா. சின்ன வயசுல போர்ல இருந்து வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்."

எனக்கு முன்னாடி வேற யாரும் இல்லை அங்க. நானும் அவனும் மட்டும்தான். அப்பவும் அதேதான் சொன்னான். நானும் "ம்"னு கேட்டுட்டு வந்தேன். அன்னிக்காவது வாயத் தொறந்திருக்கணும்.

இப்ப அவன் தேங்காய்க் களம் போட்டு, கொப்பரை வியாபாரம் நல்லாவே பண்றான். என்னைவிட வசதி. ஆனாலும் காக்கிச் சட்டை போட்ட ஆள் களத்துக்கு வந்தா, அவன் பாக்கற பார்வையை நான் பாத்திருக்கேன்.

2025 தீவாளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அவன் பையனுக்குப் பத்து வயசு. போன்ல நெட்ஃபிளிக்ஸ்ல ரெஸ்லிங் பாத்துட்டு இருந்தான். 2025 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல அதுலதானே வருது. பக்கத்துல உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல பங்காளி வீட்டு வாண்டு ஒண்ணைக் கழுத்தைப் புடிச்சுக் கட்டில் மேல நிக்க வெச்சுட்டான்.

"டேய், எறங்கு!" நான் போட்ட சத்தத்துல வீடே திரும்பிப் பாத்துச்சு.

"சும்மாதானுங் பெரியப்பா. இதெல்லாம் டூப்புதானுங்க?"

சின்னவன் வாசல்ல இருந்து வழக்கமான பாட்டைப் பாடினான்: "உங்கப்பன் போர்ல இருந்து வழுக்கி விழுந்து கை போச்சு, பாத்தியல்ல? ஒசரத்துல நின்னு வெளையாடாத."

எனக்கு அதுக்கு மேல தாங்கலை.

"அவன் வழுக்கி விழுகலை கண்ணு. நான்தான் தள்ளிவிட்டேன்"னேன்.

வீடு கப்சிப். சித்தி கையில எண்ணெய்க் கரண்டியோட நிக்கறாங்க. சின்னவன் பொண்டாட்டி என்னையும் அவனையும் மாறி மாறிப் பாக்கறா. நான் போர்வைல இருந்து உப்பு வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். கடைசில, அப்பாரு சொன்ன அந்த எறக்கற கைக் கதையையும் பையன்கிட்ட சொன்னேன். அவன் அந்த வாண்டைக் கட்டில்ல இருந்து இடுப்பைப் புடிச்சு மெதுவா எறக்கி விட்டான்.

சித்திதான் முதல்ல பேசினாங்க. "எனக்கு அன்னிக்கே ஒரு சந்தேகந்தான். எங்க அத்தையோட போர்வைல அத்தனை தட்டு எப்புடி ஒட்டும்?" அப்புறம் கரண்டியோட உள்ளே போயிட்டாங்க. அழுதாங்களா, முறுக்கு கருகுதுன்னு போனாங்களான்னு தெரியலை.

ராத்திரி களத்துல ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். இப்ப அங்க போரும் இல்லை, எருமையும் இல்லை. கொப்பரைதான் காயுது. மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் விடலை.

"ஏண்ணா, இத்தனை வருசமா கட்டிக் காப்பாத்திட்டு வந்தேன். ஒரே நாள்ல கெடுத்துட்டீங்களே!"

"அண்டர்டேக்கரே முப்பது வருசத்துல வேசத்தைக் கலைச்சுட்டாருடா. 1990 நவம்பர் 22-ல வந்தாரு, 2020 நவம்பர் 22-ல போயிட்டு வர்றேன்னு கும்பிடு போட்டாரு. இப்ப மைக்கைப் புடிச்சு எல்லாத்தையும் கலகலன்னு பேசறாரு. நாம மட்டும் எத்தனை நாளைக்கு?"

சின்னவன் வெரல் விட்டு எண்ணினான். தொண்ணூத்தி நாலு, ரெண்டாயிரத்தி இருவத்தஞ்சு.

"முப்பத்தொண்ணுங்ணா. அவரை விட நான் ஒரு வருசம் எச்சு"ன்னான்.

சிரிச்சுட்டே வளைஞ்ச கையால என் முதுகுல ஒண்ணு வெச்சான் பாருங்க. அது டூப்பு இல்லீங்க. ரெண்டு நாள் வலிச்சுது.

டிஸ்கி: ஏன் இன்னும் ரெஸ்லிங் பாக்கறீங்கன்னு கேட்ட வீட்டம்மாவுக்கான பதில் இதுதான். எறக்கற கையைப் பாக்கறேன். படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலை. கணக்கு சொல்லிக் குடுக்கற வேலை மட்டும் அப்படியே என் தலைலதான் இருக்கு :)